படலைக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்

“அம்மா வீட்டில இல்ல. மூதூருக்குப் போயிட்டா.”

படலையில் நின்று இதைச் சொல்கிற பிள்ளைக்கு ஏழு வயதிருக்கும். அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நிற்கிறார். அது பிள்ளைக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு லோன் கார்டோடு நிற்கிற தம்பிக்கும் தெரியும். பக்கத்து வளவில் உடுப்புக் காயப்போடுகிறவருக்கும் தெரியும். வந்தவர் போனதும் “கெட்டிக்காரி” என்று அந்தப் பிள்ளையின் தலையையும் தடவிவிடுகிறீர்கள். திருகோணமலை நகரத்து ஒழுங்கைகளிலும் சரி, கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்திலும் சரி, இதைக் காணாதவர் யார்?

பெற்றோரே, கடன் வாங்கினீர்கள் என்று உங்களோடு சண்டைபிடிக்க நான் வரவில்லை. இந்த மாவட்டத்துக்குக் கடன் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். 2004இல் கடல் வந்து வள்ளத்தையும் வலையையும் கொண்டுபோனது. 2006இல் மூதூரும் சம்பூரும் வெருகலும் இடம்பெயர்ந்தன. சம்பூர்ச் சனம் திரும்பத் தன் மண்ணில் கால்வைக்கக் கிட்டத்தட்டப் பத்து வருடம் பிடித்தது. 2009இல் போர் முடிந்தது. அதே வருடம் கிண்ணியாப் பாலமும் திறந்தது. பாதை திருந்தத் திருந்தக் கடன் கம்பனிகளின் ஆட்கள் கிராமம் கிராமமாக இறங்கினார்கள். காணி உறுதியும் சம்பளச் சிட்டையும் இல்லாமல் வங்கி வாசலில் நின்று திரும்பிய பெண்களிடம் அவர்கள் அவை எதையும் கேட்கவில்லை. ஐந்து பேராகச் சேர்ந்து வாருங்கள், ஒருவருக்கு மற்றவர் பிணை நில்லுங்கள், அது போதும் என்றார்கள்.

அந்தக் கடனின் கோளாறு அதன் தவணையில் இருந்தது. கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். நம் வருமானம் கிழமைக்குக் கிழமை வருகிறதா? வாடைக்காற்றுக்குக் கடல் கொந்தளித்தால் சின்ன வள்ளக்காரர் வாரக்கணக்காகக் கரையில்தான். தம்பலகாமத்து வயல்காரர் காசைக் கண்ணால் காண்பது அறுவடைக்கு அறுவடை. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வேலைசெய்கிற பிள்ளைகளுக்கு உல்லாசப் பயணிகள் வருகிற மாதங்களில்தான் கை நனையும். சீனன்குடாவில் மா ஆலையிலோ சீமெந்து ஆலையிலோ நிரந்தர வேலை கிடைத்தவர் ஒருமாதிரிச் சமாளித்தார், நாட்கூலிக்குப் போகிறவரால் முடியவில்லை. காசு வராத கிழமையிலும் தவணை வந்து நிற்கும். அதை அடைக்க இன்னொரு கம்பனி, அதை அடைக்க வேறொன்று, கடைசியில் மீட்டர் வட்டி.

2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களுக்கு ஆண்டு வட்டி 220 சதவீதம் வரை போயிருக்கிறது என்று சொன்னார். வசூலுக்கு வந்தவர்கள் பெண்களை என்ன பாடுபடுத்தினார்கள் என்பதையும் எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு அரசாங்கம், வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் கிடந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. திருகோணமலையும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிறகு 2021 மார்ச் 8 அன்று, பக்கத்து மாவட்டமான பொலனறுவையின் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருக்கத் தொடங்கினார்கள். ஐம்பது நாளைத் தாண்டியும் இருந்தார்கள். தங்கள் கடன் எவ்வளவு, யாரிடம், எப்படி வந்தது என்று ஊரறியச் சொன்னார்கள். அந்தத் துணிவில் கால்வாசியை உங்கள் சொந்த வீட்டுக்குள் காட்டச் சொல்லித்தான் நான் கேட்கிறேன்.

ஏனென்றால் நம் வீடுகளில் கடனை விடப் பெரிய நோய் அதை ஒளிப்பது. எங்கள் பக்கத்தில் ஒரு வீடு. தகப்பன் லீசிங்கில் எடுத்த ஓட்டோ ஓடுகிறார். இரண்டு தவணை தவறியது மனைவிக்குத் தெரியாது. மனைவி மூன்று குழுக்களில் லோன் எடுத்திருக்கிறார், கணவருக்கு ஒன்றுதான் தெரியும். தாலிக்கொடி அடகில் இருக்கிறது, கழுத்தில் கிடப்பது கவரிங். மாமியாருக்குக்கூடத் தெரியாமல் அந்த இரகசியம் காப்பாற்றப்பட்டது. ஆனால் சாதாரண தரம் படிக்கிற மூத்த பிள்ளைக்கு எல்லாம் தெரியும். அடகுச் சீட்டு எந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது, லீசிங் கம்பனியின் கடிதத்தை அப்பா எங்கே சொருகினார், அம்மா எந்தக் கிழமை எந்தக் குழுவுக்குப் போகிறார் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். வகுப்புப் பயணத்துக்குக் காசு கேட்டு ஆசிரியர் கொடுத்த துண்டை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. தாய் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: “இவள் இப்ப ஒண்டும் கேக்கிறேல்ல. பொறுப்பு வந்திட்டுது.”

அக்கா, அது பொறுப்பு இல்லை, பயம். பதினாறு வயதில் தாயிடமிருந்து தகப்பனையும் தகப்பனிடமிருந்து தாயையும் காப்பாற்றிக்கொண்டு ஒரு பிள்ளை நடமாடுகிறது. அது படிக்கிறதா இல்லையா என்று பிறகு நீங்களே கவலைப்படுகிறீர்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023இல் வீடு வீடாகக் கேட்டபோது, பொருளாதார நெருக்கடியால் வருமானம் குறைந்ததாக 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களும், கடனில் விழுந்ததாக 22 சதவீதமான குடும்பங்களும் சொல்லின. மாணவரில் பாதிக்கு மேற்பட்டோரின் படிப்பு ஏதோ ஒரு விதத்தில் பாதிக்கப்பட்டிருந்தது. கொப்பி, பென்சில் போன்றவற்றை வாங்காமல் விட்டதுதான் அதில் பெரிய பங்கு. அது நாடு முழுவதற்குமான கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கு எங்கே? நாடு கணக்கெடுத்துவிட்டது, நீங்கள் இன்னும் எடுக்கவில்லை.

இனிக் கொண்டாட்டத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளை பெரியபிள்ளையானால் சாமத்தியச் சடங்கு செய்வது நம் வழக்கம். மாமன் தண்ணீர் வார்க்க, நெருங்கிய சொந்தம் கூட, வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது மண்டபம், மேடை அலங்காரம், தலைக்குமேல் பறக்கும் கமரா, மூன்று தட்டு கேக், ஐந்து உடுப்பு மாற்றம், அல்பம். காசு? “மொய் வரும், கட்டிப்போடலாம்” என்று கணக்குப் போட்டு லோன் எடுக்கிறீர்கள். மொய் என்பது வருமானமா? ஒவ்வொரு என்வலப்பும் கொப்பியில் பெயரோடு ஏறுகிறது. அந்த வீட்டுக் கொண்டாட்டத்துக்கு அதை விடக் கொஞ்சம் கூடத்தான் திருப்பி வைக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு கடனை அடைக்க இருநூறு பேரிடம் சின்னச் சின்னதாகக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். அவர்கள் ஒவ்வொருவராகக் கல்யாணமும் சாமத்தியமும் வைக்கும்போது, அடுத்த பத்து வருடத்துக்கு அழைப்பிதழ் வருகிற ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நெஞ்சு பதறும்.

எந்தப் பிள்ளைக்காக இதைச் செய்தீர்களோ அந்தப் பிள்ளை அடுத்த வருடம் ரியூசன் காசுக்குத் தலைகுனிந்து நிற்கிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மண்டபத்துக்குக் காசு கேட்டால் உடனே அனுப்புகிறீர்கள். படம் வருகிறது, பார்க்கிறீர்கள், மனம் நிறைகிறது. அக்கா லோனுக்குள் மூழ்கியிருப்பதை அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கேளுங்கள் தம்பி. அதே காசை மருமகளின் இரண்டு வருடப் படிப்புச் செலவுக்கென்று மாதம் மாதம் அனுப்ப முடியும்.

கடன் எடுக்கும்போது எத்தனை பேர் கணக்குக் கேட்டீர்கள்? ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு இலட்சம் ரூபா, வட்டி 24 சதவீதம், ஒரு வருடம், கிழமைத் தவணை. மொத்தம் 1,24,000, 52ஆல் பிரித்தால் கிழமைக்கு 2,385 ரூபா அளவில் வரும். “நூற்றுக்கு இருபத்துநாலுதானே, வங்கி மாதிரித்தான்” என்று கையெழுத்து வைக்கிறீர்கள். ஆனால் ஆறாம் மாதம் முடியும்போது முதல்தொகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், கையில் மிச்சமிருப்பது அரை இலட்சம். வட்டியோ இன்னமும் முழு இலட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி போடுகிற வங்கி முறையில் கணக்குப் பார்த்தால் இது ஆண்டுக்கு 44 சதவீதம் அளவில் வந்து நிற்கும். இதற்கு மேல் பதிவுக் காசு, காப்புறுதி, பிந்தினால் தண்டம். வட்டி எந்த முறையில் என்று கேட்பதற்கு நீங்கள் படித்தவராக இருக்கத் தேவையில்லை, வாய் இருந்தால் போதும். ஒப்பந்தத்தைத் தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள். விளங்காத இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிணை நிற்பதென்றால் அவரது மற்றக் கடன்களை முதலில் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார் என்று பேசாமல் கையெழுத்து வைத்துவிட்டு, அவர் தவறிய கிழமை குழுவில் வைத்து அவரைப் பேசித் தீர்க்கிறீர்களே, அது எந்த விதத்தில் மரியாதை?

சரி, கழுத்துவரை வந்துவிட்டது. என்ன செய்வது?

தனியாக எதுவும் செய்யாதீர்கள். 1976இல் நியூயோர்க்கில், கடனில் மூழ்கியவர்களே சேர்ந்து ‘டெட்டர்ஸ் அனொனிமஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் இருக்கிறது. யாரும் யாருக்கும் காசு கொடுப்பதில்லை. ஒவ்வொரு சதத்தையும் எழுதி வைக்கிறார்கள். கடன்பட்டவரோடு, அந்தப் பாதையை ஏற்கெனவே கடந்த இரண்டு பேர் உட்கார்ந்து அவரது எண்களைப் பார்க்கிறார்கள், செலவுத் திட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் சாப்பாடு, இருப்பிடம், மருந்து முதலில் வரும். கடன் கொடுத்தவருக்குப் பங்கு அதற்குப் பிறகுதான். புதுக்கடன் எடுப்பதில்லை என்பது அத்திவாரம். நமக்கு அந்தப் பெயர் வேண்டாம், அந்தப் பழக்கம் வேண்டும்.

நம் ஊரில் அந்த இரண்டு பேர் இல்லையா? சங்கக்கடையில் முப்பது வருடம் கணக்கெழுதி ஓய்வுபெற்ற அண்ணர் இருக்கிறார். சீட்டுக்காசில் ஒரு ரூபா பிசகவிடாத பெரியம்மா இருக்கிறார். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். அவரிடம் போவதற்கு அடிபிடி நடந்திருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. கிண்ணியா, மூதூர் ராத்தாமாரே, ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் என்பது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போய் நிலைமையைச் சொல்வது பிச்சை கேட்பது ஆகாது, அது உங்கள் உரிமை.

அண்மையில் அப்படி ஒரு வீட்டில் நானும் உட்கார்ந்திருந்தேன். பாயை விரித்து எல்லாவற்றையும் போட்டார்கள்: நாலு லோன் கார்ட், இரண்டு அடகுச் சீட்டு, கடைக் கொப்பி, மீன் முதலாளியிடம் வாங்கிய முற்பணத்துக்கு ஒரு துண்டு. பழைய சமூகக்கல்விக் கொப்பியின் பின்பக்கத்தில் மகன் கோடு போட்டான். யாருக்கு, எவ்வளவு மிச்சம், கிழமைக்கு எவ்வளவு, பிணை யார். முற்பணத் துண்டைத் தொட்டபோதுதான் அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரு விசயம் விளங்கியது. முதலாளி வட்டி கேட்பதில்லை என்று இவ்வளவு நாளும் நன்றியோடு இருந்திருக்கிறார்கள். ஆனால் முற்பணம் இருக்கிறவரை மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. கரையில் மற்றவர் வாங்குகிற விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தார்கள். நாலு கார்டுகளில் எந்தக் கார்டின் வட்டியையும் விட அது கூட. முதலில் அடைக்க வேண்டியது எது என்பது அந்த இடத்திலேயே முடிவானது. தகப்பன் ஒன்றும் பேசவில்லை. கொப்பியைத் தன் பக்கம் இழுத்துத் திரும்பவும் பெருக்கிப் பார்த்தார்.

பிறகு நாட்செலவு. ஒரு மாதம் எழுதியிருந்தார்கள். பால்மா, பருப்பு, பாண், மண்ணெண்ணெய் எல்லாம் எதிர்பார்த்தபடிதான். எதிர்பாராதவை வேறு. நாலு போனுக்கும் ரீலோட். பின்னேரம் கடையில் வாங்குகிற ரோல்ஸ். பஸ்ஸைத் தவறவிட்டு எடுத்த ஓட்டோ. அப்பாவின் சிகரெட்டும் சனிக்கிழமைப் போத்தலும். இவை சேர்ந்து ஒரு கார்டின் மாதத் தவணையைத் தொட்டன. ரோல்ஸை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை, பிள்ளைகள் வாய்க்கு ருசியாக ஏதாவது சாப்பிடட்டும். போத்தலைப் பற்றிச் சொன்னேன். தகப்பன்மாரே, வீட்டுச் செலவென்றால் அது பெண்களின் ஊதாரித்தனம் என்று சந்தியில் நின்று கதைக்கிறீர்கள். உங்கள் வீட்டு அரிசி ஒரு கிலோ என்ன விலை என்று கேட்டால் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கார்டில் மனைவியின் பெயர் இருக்கிறது என்பதற்காக அந்தக் கடன் அவருடையது ஆகிவிடாது. அந்தக் காசில் வாங்கிய வலையைத்தானே நீங்கள் கடலில் போடுகிறீர்கள்?

கணக்கு கையில் வந்த பிறகு கம்பனிக்குப் போங்கள். ஒளியாமல், தவணை தவறுவதற்கு முன்பே போங்கள். இரண்டு பேர் கூட வரட்டும். இந்தத் தொகைதான் முடியும், இத்தனை மாதம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சரிவராவிட்டால் மத்திய வங்கிக்கு முறையிடலாம். நிதி நுகர்வோர் முறைப்பாட்டுக்கென்று 1935 என்ற இலக்கம் இருக்கிறது. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்கள் பற்றிய முறைப்பாட்டுக்குத்தான் அது உதவும். ஆகவே கடன் தருகிறவர் அனுமதி பெற்றவரா என்று எடுக்கும்போதே பாருங்கள். “பொலிசில் பிடித்துக் கொடுப்போம்” என்று மிரட்டினால் நடுங்காதீர்கள். தவணை கட்ட முடியாமல் போவது சிவில் விசயம், அதற்காக யாரும் உங்களை வந்து அள்ளிக்கொண்டு போக முடியாது. காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அது வேறு, அதற்குச் சட்டம் கடுமை. வெற்றுக் காசோலையும் வங்கி அட்டையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஊரார் சேர்ந்து கடன் எடுப்பதைக் கம்பனிகள் கண்டுபிடிக்கவில்லை. பிரித்தானியர் காலத்திலேயே, 1911இல், இந்த நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கென்று சட்டம் வந்தது. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர் முதலில் சேமிப்பார், பிறகு அந்தச் சேமிப்பிலிருந்தே கடன் எடுப்பார், வட்டியும் சங்கத்துக்கே திரும்பும். மாரிக்குத் தவணையைத் தள்ளிப்போடலாமா என்று கூட்டத்தில் கேட்கலாம். கூட்டத்தில் இருப்பவர்களும் அதே கடலை நம்பியவர்கள். ஊர்ச் செத்தவீட்டுக்கு மரண உதவிச் சங்கம் நடத்தத் தெரிந்த நமக்கு, உயிரோடு இருக்கிறவரின் அவசரத்துக்கு ஒரு சங்கம் நடத்தத் தெரியாதா? தவணையைப் பிடுங்க ஒருவரை ஒருவர் காவல் காத்த அதே ஐந்து பெண்கள், கிழமைக்குக் கிழமை தங்களுக்கென்று சேர்த்தால் அடுத்த பள்ளிக்கூடத் தவணைக்குப் பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் கடன் எடுக்கத் தேவையில்லை. சீட்டும் நல்லதுதான், எல்லாரும் நாணயமாக இருக்கிறவரை. ஆனால் முதல் சீட்டை எடுத்து லோனைக் கட்டிவிட்டு, பிறகு சீட்டுக் கட்ட லோன் எடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள்.

“ஊர் என்ன சொல்லும்?” என்று கேட்பீர்கள். ஊருக்கு எப்போதோ தெரியும். படலையில் நின்ற தம்பியின் மோட்டார் சைக்கிளின் நிறம்கூட ஊருக்குத் தெரியும். தெரியாமல் இருப்பது உங்கள் கணவருக்கு, உங்கள் மனைவிக்கு, கேட்டால் உதவி செய்திருக்கக்கூடிய உங்கள் அண்ணனுக்கு.

பிள்ளைக்கு எவ்வளவு சொல்வது என்று சிலர் கேட்கிறார்கள். முழு எண்ணிக்கையும் வேண்டாம். “எங்களுக்குக் கடன் இருக்கு, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கட்டுறம், இந்த வருசம் சில சாமான் வாங்கேலாது, உன்ர படிப்பு நிக்காது” என்று இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சொல்லுங்கள். அடுத்தமுறை லோன்காரர் வரும்போது நீங்களே எழுந்து போங்கள். காசு இல்லாவிட்டால் இல்லை என்று நீங்களே சொல்லுங்கள், எப்போது தர முடியும் என்றும் சொல்லுங்கள். அவர் சத்தம் போட்டால் பிள்ளை பார்க்கட்டும். அம்மா தலைநிமிர்ந்து நின்று பதில் சொல்வதையும் பார்க்கட்டும்.

வருகிற போயா தினம் விடுமுறை. வேலைக்குப் போகிறவர்களும் வீட்டில் நிற்பார்கள். அண்ணனையோ மச்சாளையோ, நம்பிக்கையான ஒருவரைப் பின்னேரம் தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள். கார்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். புத்தகத்துக்குள் இருக்கிற அடகுச் சீட்டையும்.